திருப்பதி வெயிலில் கிறிஸ்துமஸ் கள்ளி: வளர்த்துப் பூக்க வைக்க முழுமையான வழிகாட்டி

பெங்களூரு நர்சரியில் மொட்டோடு வாங்கிய கிறிஸ்துமஸ் கள்ளி, சித்தூர் வீட்டு வராந்தாவில் முதல் வருடம் பூத்துவிடும். மறுவருடம் செடி பச்சைப்பசேலென்று நிற்கும். பூ மட்டும் வராது. ‘இந்த ஊர்ச் சூட்டுக்கு இது ஆகாது’ என்று பலரும் கைவிடுவது இங்கேதான். சூடு பாதிக் காரணம். மீதிப் பாதி, நம் வீட்டு விளக்கு. இரண்டையும் கவனித்துக்கொண்டால் திருப்பதியின் மாடி வீட்டிலும் தை மாதத்தில் இது பூக்கும்.

## இது எங்கிருந்து வந்த செடி

கள்ளி என்றதும் வெயிலும் மணலும் நினைவுக்கு வரும். இது அந்த வகை இல்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய மலைக்காடுகளில், மரக்கிளைக் கவட்டிலும் பாறை இடுக்கிலும் சேர்ந்த இலைமக்கில் வேர்விட்டு வாழ்வது. ஈரக்காற்றும், கிளைகளின் ஊடே விழும் வெளிச்சமும்தான் அதற்குப் பழக்கம். நம் பக்கத்து வீடுகளில் இரவில் மலரும் பிரம்ம கமலமும் இதே குடும்பம்தான்; அதுவும் மரத்தில் தொற்றி வளரும் சுபாவம் உள்ளது. அதை வளர்த்த கைக்கு இதுவும் வசப்படும். ஆனால் கிறிஸ்துமஸ் கள்ளி நீண்ட இரவுகளைக் கண்டால்தான் மொட்டு வைக்கும்.

ரியோவில் ஆண்டின் மிக நீண்ட இரவு ஏறக்குறைய 13 மணி 15 நிமிடம். திருப்பதியில் மார்கழியின் நீண்ட இரவே 12 மணி 40 நிமிடம்தான். அதிலும் அந்தி வெளிச்சத்தையும் தெருவிளக்கையும் கழித்தால் முழு இருட்டு இன்னும் குறைவு. அந்தக் குறையை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

## படி 1: செடியும் தொட்டியும்

நர்சரியில் எல்லாமே கிறிஸ்துமஸ் கள்ளி என்ற பெயரில்தான் விற்கும். தண்டின் விளிம்பில் கூரான பற்கள் உள்ள வகையும் உண்டு, விளிம்பு வழவழப்பாக வளைந்த வகையும் உண்டு. பல் உள்ளதை வாங்குங்கள்; அது சில வாரம் முந்திப் பூக்கும், எளிதாகவும் கிடைக்கும். இலைபோலத் தெரியும் துண்டுகள் உண்மையில் தண்டுதான். அவை சுருங்காமல், அடிக்கட்டை அழுகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறு அங்குல மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். வெறும் செம்மண் கூடவே கூடாது. தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலையுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி கரித்துண்டு. சித்தூர்ப் பக்கம் வேர்க்கடலைத் தோலுக்குப் பஞ்சமில்லை. ஒரு வருடம் மக்கவைத்த தோலை இலையுரத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பச்சைத் தோல் வேண்டாம். அது மக்கும்போது செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

## படி 2: கோடையைத் தாண்டவைப்பது

பூவைப் பற்றிய கவலை பிறகு. ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதியின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அந்த இரண்டு மாதம் செடி வளராது. உயிரோடு இருந்தால் போதும்.

மாமரம் உள்ள வீடு என்றால் கவலையே இல்லை. அதன் அடியில், தரையிலிருந்து சற்று உயரத்தில் தொங்கவிடுங்கள். காட்டில் அது வாழ்ந்த நிழலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. மாடி வீடு என்றால் கிழக்குப் பார்த்த பால்கனியில் நிழல்வலைக்குப் பின்னால் வையுங்கள். காலை எட்டரைக்கு மேல் நேர் வெயில் படக்கூடாது. சூடேறும் மொட்டைமாடித் தளத்தில் தொட்டியை வைத்தால் வேர் வெந்துவிடும்.

மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மாலையில் சுற்றியுள்ள தரையை நனைத்துவிட்டால் காற்று குளிரும். இங்கே பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்தால் அதுதான் அறிகுறி. முடிந்தபோது மழைநீர் ஊற்றுங்கள்.

## படி 3: ஆனியில் கிள்ளுங்கள்

கோடை தணிந்ததும் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒன்றிரண்டு துண்டைத் திருகி எடுங்கள். எடுத்த இடத்தில் இரண்டு கிளை பிரியும். நுனி கூடினால் பூவும் கூடும். எடுத்ததை எறியவேண்டாம். இரண்டு மூன்று துண்டு சேர்ந்தாற்போல இருந்தால், நிழலில் இரண்டு நாள் காயவைத்து, ஈரக் கோகோபீட்டில் லேசாக ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும்.

செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து ஊற்றலாம். மாதம் ஒருமுறை, உரமிடாத வாரத்தில், நான்கு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு. இந்தச் செடிக்கு மெக்னீசியம் நிறைய வேண்டும். தண்டு சிவந்தால் வெயில் அதிகம், அல்லது மெக்னீசியம் குறைவு.

செப்டம்பர் கடைசியில் உரத்தை நிறுத்துங்கள். அப்போது நுனியில் இளசாக, பாதி வளர்ந்த துண்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முற்றிய துண்டில்தான் மொட்டு வரும்.

## படி 4: ஐப்பசி மழைக்கு ஒதுங்கட்டும்

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். செடி கொஞ்சம் உலர்ந்திருக்க வேண்டிய காலமும் அதுவே. நாள்கணக்கில் நனைந்தால் அடி அழுகும். மழை தொடங்கும்போதே சன்ஷேடுக்கு அடியில் கொண்டுவந்துவிடுங்கள். தண்டுகளின் கணுவில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி தெரிந்தால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

## படி 5: இருட்டு

இரவு வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊர்களில் செடி தானாகவே மொட்டு வைத்துவிடும். 15 முதல் 21 டிகிரி வரை என்றால் 13 மணி நேரத்துக்குக் குறையாத தொடர் இருட்டு வேண்டும். இரவே 24 டிகிரிக்கு மேல் இருந்தால் மொட்டை எதிர்பார்க்க முடியாது. அதனால் திருப்பதியில் அக்டோபரிலேயே அவசரப்பட்டுப் பயனில்லை. கிறிஸ்துமஸுக்குப் பூ வேண்டும் என்ற ஆசையை விட்டு, பொங்கலை ஒட்டிப் பூக்கட்டும் என்று வைத்துக்கொள்வதே இந்த ஊருக்குப் பொருந்தும்.

கார்த்திகை பிறந்ததும் தொடங்குங்கள். மாலை ஐந்தரைக்கு ஓட்டையில்லாத அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, காலை ஏழரைக்கு எடுங்கள். பதினான்கு மணி நேரம். பகலில் நல்ல வெளிச்சம், நேர் வெயில் இல்லாமல். தண்ணீர் சற்றுக் குறைவாக, ஆனால் துண்டுகள் வாடாமல். விடாமல் நான்கு முதல் ஆறு வாரம் செய்தால் நுனிகளில் குண்டூசித்தலை அளவு மொட்டு தெரியும்.

நடு இரவில் பால்கனி விளக்கைக் கொஞ்சநேரம் போட்டால்கூடச் செடியின் இரவுக் கணக்கு கெடும். தெருவின் எல்இடி விளக்கு, டிசம்பரில் வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாமே அதற்குப் பகல்தான். பெட்டியைச் சோதிக்கத் தலைமேல் கவிழ்த்துப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் மேலே கறுப்புத் துணி ஒன்று போடுங்கள்.

பலமநேர், புங்கனூர், குப்பம், மதனப்பள்ளி வாசகர்களுக்கு வேலை குறைவு. ஏறக்குறைய 650 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்கள் அவை. ஐப்பசிக் கடைசியிலேயே தொடங்கலாம். 1,265 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹார்ஸ்லி மலையில் வீட்டு விளக்கு படாத இடமாகப் பார்த்து வைத்தாலே பல வருடங்களில் போதுமாக இருக்கும்.

## படி 6: மொட்டு உதிராமல்

மொட்டு தெரிந்ததும் பெட்டியை நிறுத்திவிடலாம். அதன்பின் தொட்டியை இடம் மாற்றவேண்டாம், திருப்பி வைக்கவேண்டாம், மண்ணை முழுக்கக் காயவிடவேண்டாம். பழுக்கும் பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் மொட்டு கொட்டும். பொங்கலுக்கு வாங்கிய வாழைத்தாரைப் பக்கத்தில் சாத்திவைக்காதீர்கள். புகையிலும் எத்திலீன் உண்டு. போகியன்று வாசலில் கொளுத்தும் வழக்கமுள்ள தெருவென்றால், அன்று காலை மட்டும் சன்னலைச் சாத்தி வையுங்கள்.

## பூத்த பிறகு

ஒவ்வொரு பூவும் சில நாள் நிற்கும். மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் செடி வாரக்கணக்கில் பூவோடு இருக்கும். முடிந்ததும் வாடிய பூக்களைத் திருகி எடுத்து, மாசியில் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். வெயில் ஏறும் முன்பே நிழலிடத்துக்கு மாற்றிவிடுங்கள். வேர் இறுக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும் செடி இது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், ஒரே ஓர் அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும்.