பெரிய எழுத்தும் திருநூலும்

தமிழ் நெடுங்கணக்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆங்கிலத்திலோ ஒவ்வோர் எழுத்துக்கும் இருவகை வடிவம் உண்டு. வாக்கியத்தின் தொடக்கத்திலும் இயற்பெயரின் முதலிலும் பெரிய எழுத்து வரவேண்டும் என்பதை மாணவர் தொடக்க வகுப்பிலேயே கற்கின்றனர். ஆயினும், சமயச் சொற்களை எழுதப் புகுங்கால் இவ்வெளிய விதி போதுவதில்லை.

கடவுளைக் குறிக்கும் 'காட்' என்னும் சொல், ஒரே இறைவனின் பெயராக வழங்கும்போது பெரிய எழுத்தால் தொடங்கும். பண்டைக் கிரேக்கர் வணங்கிய தெய்வங்களைப் பொதுவாகச் சுட்டும்போது அதே சொல் சிறிய எழுத்தால் தொடங்கும். ஆனால், அத்தெய்வங்களுள் ஒருவராகிய ஜீயசின் பெயர் பெரிய எழுத்தையே பெறும். அஃது இயற்பெயர் அன்றோ? பைபிள், குர்ஆன், வேதம் ஆகிய நூற்பெயர்களுக்கும் இதுவே முறை. ஒரு சமயத்தின் நூலுக்குப் பெரிய எழுத்தும் மற்றொன்றன் நூலுக்குச் சிறிய எழுத்தும் இடுதல் இலக்கணமும் ஆகாது, நேர்மையும் ஆகாது. பைபிளைச் சார்ந்தது என்னும் பொருள்தரும் அடைச்சொல்லைப் பலர் சிறிய எழுத்தால் எழுதுவர். வேதத்தைச் சார்ந்தது என்பதையோ பெரிய எழுத்தால் எழுதுவர். இது வழக்கே அன்றி வேறு காரணம் உடையதாகத் தோன்றவில்லை.

இறைவனைக் குறிக்கும் 'அவர்', 'நீர்' முதலிய சொற்களையும் பெரிய எழுத்தால் எழுதுவதே பக்திக்கு அழகு என்று கருதுவோர் பலர். எனினும், 1611-இல் வெளிவந்த ஜேம்சு மன்னர் பதிப்பில் அவ்வழக்கம் இல்லை. 1982-இல் முற்றுப்பெற்ற அதன் புதிய பதிப்பு அவ்வழக்கத்தை மேற்கொண்டது. அதனால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. யோவான் எழுதிய நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், இயேசுவைப் பேய்பிடித்தவர் எனப் பகைவர் பழிக்கின்றனர். அப்பழிச்சொல்லிலும் 'நீ' என்பது பெரிய எழுத்தாலேயே அச்சிடப்பட்டுள்ளது. அம்மதிப்பு பேசுவோருடையது அன்று, பதிப்பித்தோருடையது.

மூலநூல்களை நோக்கினால் இவ்வேறுபாடே அங்கு இல்லை. எபிரேய மொழிக்கும் தமிழைப்போலவே ஒருவகை எழுத்துத்தான். கிரேக்கத்தில் எழுதப்பட்ட நான்காம் நூற்றாண்டுச் சினாய்ச் சுவடியோ முழுவதும் பெரிய எழுத்துகளால், சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி அமைந்தது. ஆயின், பண்டைய எழுத்தாளர் மதிப்புக் காட்ட அறியாதவர் அல்லர். இறைவன், இயேசு முதலிய திருப்பெயர்களைச் சுருக்கி எழுதி, மேலே ஒரு கோடு இழுத்தனர் கிரேக்கச் சுவடி எழுதியோர். சாக்கடலருகே 1947-இல் கிடைத்த ஆபகூக் உரைச்சுருளில், இறைவனின் நான்கெழுத்துப் பெயர் மட்டும் மிகப் பழைய எபிரேய வரிவடிவில் காணப்படுகிறது.

அந்நான்கெழுத்துப் பெயரை யூதர் அச்சத்தாலும் பக்தியாலும் வாய்விட்டு உரையார். 'ஆண்டவர்' எனப் பொருள்படும் வேறு சொல்லாற் படிப்பர். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அதனை ஒட்டி 'லார்டு' என்று எழுதினர். ஆனால் எழுத்துகள் அனைத்தையும் பெரியனவாக்கினர். நூற்றுப்பத்தாம் சங்கீதத்தின் முதல் அடியில் இச்சொல் இருமுறை வருகிறது. முதலாவதில் எல்லா எழுத்தும் பெரியன. இரண்டாவதில் முதலெழுத்து மட்டுமே பெரிது. அச்சிற் காண்பவர்க்கு வேறுபாடு விளங்கும். வாசிக்கக் கேட்பவர்க்கு விளங்காது. தமிழ் மொழிபெயர்ப்பிலோ அவ்விடத்தில் 'கர்த்தர்', 'ஆண்டவர்' என இருவேறு சொற்கள் உள்ளன. பெரிய எழுத்தில்லாத மொழி இங்குச் செவிக்கும் பொருளை உணர்த்திவிட்டது.

சில இடங்களில் எழுத்தின் அளவைத் துணிவது பொருளையே துணிவதாகும். ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் 'ரூவாக்' என்னும் எபிரேயச் சொல் உள்ளது. மூச்சு, காற்று, ஆவி என்னும் மூன்றும் அதன் பொருள்களாம். 1952-இல் வெளிவந்த திருத்திய பதிப்பு அதனைப் பெரிய எழுத்தால் தொடங்கி, 'இறைவனின் ஆவி' என்று கொண்டது. படிப்போர் அதைத் தூய ஆவியாகவே உணர்வர். 1989-இல் வந்த புதிய பதிப்பு 'இறைவனிடமிருந்து வந்த காற்று' எனக் கொண்டு சிறிய எழுத்தை இட்டது. இருதிறத்தாரும் கற்றுத் துறைபோகியவரே. மூலத்தில் அச்சொல் மூன்றே எழுத்துகளால் ஆயது. அவற்றுள் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை.