விடுமுறை யாருக்கு? – தொழிற்புரட்சிப் பாடத்தை ஒட்டிய ஒரு வகுப்பறைச் செயல்பாடு

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நாம் வழக்கமாகத் தரும் பணி, ‘விடுமுறையில் நான் சென்ற ஊர்’ என்ற கட்டுரை. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் அதைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று தெரியும். சில மாணவர்கள் போகாத ஊட்டிக்குப் போனதாக எழுதியிருப்பார்கள். உண்மையில் அம்மா மல்லாட்டை ஆயப் போனபோது அந்த மாணவர் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அல்லது பெங்களூரில் கட்டட வேலை செய்யும் பெற்றோருடன் தங்கியிருப்பார். அதையும் எழுதலாம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. வெளியூர் போய்ச் சுற்றிப் பார்ப்பதே விடுமுறை என்று அவர் நினைக்கிறார்.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடம் முடிந்தபின் இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம்.

முதல் பாடவேளை: விடுமுறை எப்படி வந்தது?

இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு கிடையாது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. இந்நிலை மாறத் தொடங்கிய காலத்தில், 1936இல், பில்லி பட்லின் என்பவர் ஸ்கெக்னஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். வரிசை வரிசையாகச் சிறு குடில்கள், பொது உணவுக்கூடம், நீச்சல் குளம், விளையாட்டு, ஆடல் பாடல் என எல்லாம் ஒரே கட்டணத்தில் கிடைத்தன. சாமானியக் குடும்பமும் ஒரு வாரம் தங்க முடிந்தது. சமைக்கும் வேலை இல்லாததால் தாய்மார்களுக்கும் அது ஓய்வாக அமைந்தது.

1938இல் பிரிட்டனில் ஊதியத்துடன் விடுப்புச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்கெக்னஸ் முகாம் கடற்படைப் பயிற்சித் தளமானது. போருக்குப் பின் இத்தகைய முகாம்கள் பெருகின. பிற்காலத்தில் குறைந்த செலவில் விமானத்தில் ஸ்பெயின் சென்றுவர முடிந்ததும் அவற்றின் செல்வாக்குக் குறைந்தது.

பிரான்சில் 1936இல் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதிய விடுப்பு சட்டமாயிற்று. விடுமுறைப் பயணத்துக்கு ரயில் கட்டணச் சலுகையும் தரப்பட்டது. இரு நாடுகளிலும் குடும்பச் சுற்றுலா பரவலாவதற்கு ஊதிய விடுப்பே முக்கியக் காரணம் என்பதைக் கரும்பலகையில் எழுதலாம்.

நம் நாட்டில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அடுத்த ஆண்டு ஊதிய விடுப்பு இருந்தது. 240 நாளுக்கு எத்தனை? மாணவர்களே வகுத்து 12 என்பார்கள். அடுத்து, ‘கழனி வேலைக்குப் போகிறவருக்கு எத்தனை நாள்?’ என்று கேட்கலாம். வகுப்பு அமைதியாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு விடுமுறை உண்டு, பெற்றோருக்கு இல்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

இரண்டாம் பாடவேளை: நம் ஊர் விடுமுறை

குழுச் செயல்பாடு 1: நான்கு பேர் கொண்ட குடும்பம் சாத்தனூர் அணைக்கு ஒரு நாள் சென்றுவர ஆகும் செலவைக் கணக்கிடச் சொல்லலாம். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை எழுதுவார்கள். பெற்றோர் இருவரும் இழக்கும் ஒரு நாள் கூலியையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். பல நேரங்களில் அதுவே பெரிய தொகையாக இருக்கும்.

குழுச் செயல்பாடு 2: பணம் அதிகம் செலவாகாத விடுமுறைகளைப் பட்டியலிடலாம். ஆயா வீடு, குலதெய்வக் கோயில் பொங்கல், ஊர்த் திருவிழாவில் தெருக்கூத்து, பௌர்ணமியன்று 14 கி.மீ. கிரிவலம் எனப் பட்டியல் நீளும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால், அம்மா தாய்வீடு சென்றுவருவது எளிதாகியிருக்கிறதா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். பிரான்சின் ரயில் சலுகையுடன் இதை ஒப்பிட்டுப் பேசலாம்.

கலந்துரையாடல்: பட்லின் முகாமில் தாய்மார்கள் சமைக்கவில்லை. ஆயா வீட்டில் சமைப்பவர் யார்? நம் விடுமுறையில் யாருக்கு ஓய்வு கிடைக்கவில்லை? இக்கேள்விக்கு மாணவியர் தரும் பதில்களை மாணவர்களும் கேட்க வேண்டும்.

மதிப்பீடு

கட்டுரைத் தலைப்பை மட்டும் சற்று மாற்றுவோம். ‘விடுமுறையில் யாருடன் இருந்தேன், என்ன கற்றேன்’ என்று கொடுத்தால் எல்லா மாணவர்களுக்கும் எழுதச் செய்தி இருக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தம்பியைப் பார்த்துக்கொண்ட மாணவர், கன்னடச் சொற்கள் பத்தாவது கற்றிருப்பார். ஆயா வீட்டில் இருந்த மாணவி, மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் காய் ஆயும் முறையை வரிசையாக எழுதுவார்.

இக்கட்டுரைகளால் ஆசிரியருக்கும் ஒரு பயன் உண்டு. பெற்றோருடன் வெளியூர் சென்று இன்னும் பள்ளிக்குத் திரும்பாதவர் யார், விடுமுறையில் வேலைக்கு அனுப்பப்பட்டவர் யார் என்பது ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுக்குச் சென்று பேசினால் இடைநிற்றலைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம். பிள்ளைகள் உண்மையை எழுதினால்தான் அந்த வீடுகள் எவை என்று நமக்குத் தெரியும்.