வயற்காவலர்

பருத்தி வயலில் ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு, மயிரிழை போன்ற மெல்லிய காம்புகளின் நுனியில் மிகச் சிறிய முட்டைகள் தனித்தனியே நிற்பது சில வேளைகளில் புலப்படும். ஏதோ பூஞ்சணம் எனக் கருதி அவற்றைத் துடைத்து எறிவாரும் உளர். அவை பயிரைக் கெடுக்கும் பூச்சியின் முட்டைகள் அல்ல; பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். முதலில் பொரித்து வெளிவரும் புழு, அருகிலுள்ள முட்டைகளையே தின்றுவிடும் இயல்பினது. ஆதலின் தாய்ப்பூச்சி ஒவ்வொரு முட்டையையும் காம்பின்மேல் ஏற்றி வைக்கிறது என்பர் பூச்சியியலார்.

இப்பூச்சியின் புழுப்பருவமே உழவர்க்குப் பெருந்துணையாவது. அரிவாள்போல் வளைந்த இரு தாடைகளை அது அசுவினியின் உடலிற் குத்திச் செரிப்புநீரைச் செலுத்தும். உள்ளிருப்பவை கூழானபின் உறிஞ்சிவிடும். வெறுந்தோல் மட்டுமே இலையில் எஞ்சும். வளர்ந்த பூச்சியோ தேனும் மகரந்தமும் உண்டு அமைதியாக வாழ்வது. பொறிவண்டும் சிலந்தியும் இத்தகைய காவலரே. இவர்களுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை; இவர்களுள் பலரை உழவர் அறிந்ததும் இல்லை.

இக்காவலர்க்குப் புதியதோர் ஐயம் வந்த வரலாறு ஒரு நுண்ணுயிரிலிருந்து தொடங்குகிறது. 1901-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் இஷிவாட்டா என்பவர், நோயுற்று இறந்த பட்டுப்புழுக்களில் அதனைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியில் பெர்லினர் என்னும் அறிஞர், மாவைக் கெடுக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களில் அதனையே மீண்டும் கண்டறிந்து, துரிங்கியா என்னும் நிலப்பகுதியின் பெயரால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் எனப் பெயரிட்டார். அந்நுண்ணுயிர் ஆக்கும் ஒருவகைப் புரதம் புழுக்களுக்குக் கொடிய நஞ்சாகும். குடற்சுவரில் அதற்குப் பொருந்தும் இடம் இருந்தால், பூட்டிற் சாவி நுழைவதுபோல் அங்கே பற்றிக்கொண்டு சுவரைத் துளைத்துவிடும். புழு உணவொழிந்து மடியும். அவ்விடம் இல்லாத உயிர்களில் அந்நஞ்சு பற்றுவதில்லை. இப்புரதத்தை ஆக்கும் மரபணுவைப் பயிருக்குள்ளேயே புகுத்திவிட்டனர் அறிவியலார். அவ்வாறு மரபணு மாற்றப்பட்ட பருத்தி 1996-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், 1997-இல் சீனத்திலும், 2002-இல் இந்தியாவிலும் பயிரிடப்படலாயிற்று.

காய்ப்புழு இலையை உண்கிறது. காவலன் காய்ப்புழுவை உண்கிறான். அங்ஙனமாயின் புழுவின் வயிற்றிற் சென்ற நஞ்சு, புழுவை உண்டவனையும் சென்று தாக்குமோ?

1998-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் ஆஞ்செலிகா ஹில்பெக் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் இவ்வினாவை ஆராய்ந்தனர். நஞ்சு கொண்ட மக்காச்சோளத்தைத் தின்ற புழுக்களைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களுக்கு இரையாகக் கொடுத்தனர். நூற்றுக்கு 62 இறந்தன. சாதாரண மக்காச்சோளத்தைத் தின்ற இரையை உண்டவற்றில் இறந்தவை 37. செய்தி உலகெங்கும் பரவியது. அச்சமும் உடன் பரவியது.

ஆயினும் அவ்விறப்புக்குக் காரணம் நஞ்சுதானோ என்பதில் வேறு அறிஞர்க்கு ஐயம் எழுந்தது. நஞ்சுண்ட புழு நோயுற்ற புழு. நோயுற்ற இரை சத்தற்றது. அதனை உண்டவன் மெலிதல் இயல்பே. சிலந்திப்பேன்கள் நஞ்சு கொண்ட பயிரின் சாற்றை உறிஞ்சி உடலில் மிகுதியாகத் தேக்கி வைத்தும் தாம் நோயுறுவதில்லை. அவற்றை உண்ட காவற்புழுக்கள் நன்றாகவே வளர்ந்தன. 2004-இல் ரோமைஸ் என்பாரும் அவர் கூட்டாளிகளும் சர்க்கரைக் கரைசலில் நஞ்சைக் கலந்தே ஊட்டிப் பார்த்தனர். அப்பொழுதும் தீங்கு காணப்படவில்லை. செயற்கை உணவில் நஞ்சைக் கலந்து ஊட்டித் தீங்கு கண்டதாக ஹில்பெக் குழுவினர் முன்னரே கூறியிருந்தமையால், பூசல் எளிதில் ஓயவில்லை.

இதனைத் தீர்க்க அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்தார் கையாண்ட வழி நயமானது. நஞ்சுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட புழுவினங்களை அவர்கள் இரையாகத் தேர்ந்தனர். அப்புழுக்கள் நஞ்சை வயிறார உண்டும் கொழுகொழுவென வளர்வன. இரை நஞ்சுடையது, ஆனால் நோயற்றது. 2013-இல் வெளியான அவ்வாய்வில், அவ்விரையை உண்ட கண்ணாடி இறக்கைப் பூச்சிகளுக்கு யாதொரு குறையும் நேரவில்லை.

இதனோடு வினா முடிந்துவிட்டது எனல் பொருந்தாது. ஆய்வறை வேறு, வயல் வேறு. மார்வியர் முதலானோர் வயலில் நிகழ்ந்த 42 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பூச்சிமருந்து தெளித்த சாதாரணப் பயிரைவிட, நஞ்சு மரபணுப் பயிரின் வயலில் ஏனைய பூச்சிகள் மிகுதியாக இருந்தன. ஆனால் மருந்தே தெளிக்காத வயலோடு ஒப்பிட்டபோது, சில இனங்கள் குறைந்தே காணப்பட்டன. ஆகவே எதனோடு ஒப்பிடுகிறோம் என்று கேளாமல், இப்பயிர் காவலர்க்கு நல்லதோ தீயதோ என வாதிடுவது வீண் வேலை.

வட சீனத்தில் நிகழ்ந்ததே இதற்குத் தக்க சான்று. காய்ப்புழுவுக்காக அடிக்கும் மருந்து குறைந்ததும், பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி ஆகியவை பெருகின, அசுவினி குறைந்தது. 1990 முதல் 2010 வரை திரட்டிய கணக்கு இது. அதே மருந்துக் குறைவினால், முன்பு காய்ப்புழுவோடு சேர்ந்து மடிந்துவந்த நாவாய்ப்பூச்சிகளும் பெருகின. சாறு உறிஞ்சும் அப்பூச்சிகளை இந்நஞ்சு தீண்டாது. அவை பருத்தியைக் கெடுத்ததோடு நில்லாமல் திராட்சை, ஆப்பிள், பீச் முதலிய பழமரங்களுக்கும் பரவின.

இந்தியாவில் கதை வேறு வழியிற் சென்றது. நஞ்சு மரபணுப் பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கப் பழகிவிட்டது என்னும் செய்தி 2010-இல் குஜராத்திலிருந்து வெளியாயிற்று. பின்னர் இரண்டு மரபணுக்கள் புகுத்திய பருத்தியையும் அது வென்றது. உழவர் மருந்துத் தெளிப்பானை மீண்டும் தோளில் ஏற்றினர். அப்புழு காய்க்குள் புகுந்து விதையைத் தின்று வாழ்வது. தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. இலைமேல் இரை தேடித் திரியும் பொறிவண்டின்மீதும் சிலந்தியின்மீதுமே அது முதலில் விழுகிறது.