ஊர் வந்து சேரும் பேருந்து

நுழையும்முன்

நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்தின் அருமை, அது வராத நாளில்தான் நமக்குப் புலப்படுகிறது. ஒரு நகரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் பொதுப் பேருந்து எவ்வாறு பிணைக்கிறது என்பதை மதுரையைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

தனியாரிடமிருந்து அரசுக்கு

மதுரையின் பேருந்து வரலாறு நூறாண்டைக் கடந்தது. 1912ஆம் ஆண்டு டி.வி. சுந்தரம் அய்யங்கார் இந்நகரில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். பின்னர்ப் பேருந்துகள் அரசுடைமையாக்கப்பட்டபோது, 1972ஆம் ஆண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் மதுரையில் உருவானது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் எனப் பிற கழகங்களும் அவ்வாண்டிலேயே தோன்றின. 1997ஆம் ஆண்டு முதல் மாவட்டக் கழகங்கள் யாவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயர் பெற்றன.

நகரும் சிற்றூரும்

திருச்சி, திருநெல்வேலி முதலிய ஊர்களின் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கும், தேனி, திண்டுக்கல் முதலிய ஊர்களின் பேருந்துகள் ஆரப்பாளையத்திற்கும் வருகின்றன. பெரியார் பேருந்து நிலையம் நகரப் பேருந்துகளின் மையமாக விளங்குகிறது. இந்நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நகரப் பேருந்துகள், சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் சென்று வருகின்றன. பூக்கூடையோடு சந்தைக்கு வருபவரும், மருத்துவமனைக்கு வரும் முதியவரும், கல்லூரி மாணவியும் ஒரே பேருந்தில் பயணம் செய்கின்றனர்.

சிற்றூர் செல்லும் சில பேருந்துகள் இரவில் அங்கேயே தங்கி, விடியலில் முதல் நடையாகப் புறப்படுகின்றன. அவற்றின் ஓட்டுநரும் நடத்துநரும் அவ்விரவைத் தம் வீட்டைப் பிரிந்தே கழிக்கின்றனர்.

வரவும் பயனும்

நெரிசல் மிக்க நேரத்தில் பேருந்தில் நிற்கவும் இடமிருப்பதில்லை. அதே பேருந்து நண்பகலில் சிற்றூருக்குச் செல்லும்போது பத்துப் பேர்கூட இருப்பதில்லை. அந்நடையின் வசூல் எரிபொருட் செலவுக்கும் போதாமற் போகலாம். அவ்வாறாயின் அந்நடையை நிறுத்திவிடலாமா?

மேல்நிலைப்பள்ளி இல்லாத சிற்றூரின் மாணவிக்கு அப்பேருந்தே பள்ளிக்கு வழி. அது நின்றால் அவளது படிப்பும் நின்றுவிடக் கூடும். நடத்துநரின் வசூல் கணக்கில் இவ்விழப்பு இடம்பெறுவதில்லை. மிகுதியாக ஈட்டும் தடத்தின் வருவாயும் அரசின் நிதியும் இத்தகைய நடைகளைத் தாங்குகின்றன. மாணவர்க்கான கட்டணமில்லாப் பயண அட்டையும், 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் பெறும் கட்டணமில்லாப் பயணமும் இந்நோக்கின் விரிவே ஆகும். கட்டணமில்லை என்பதற்குச் செலவில்லை என்று பொருளன்று. அச்செலவை நாட்டு மக்கள் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர்.

நம் கடமை

பகிர்ந்து தாங்குவதைப் பேணுவதும் பொதுக்கடமையே. இருக்கையைக் கிழிப்பவர் தம் ஊரார்க்குரிய பொருளைச் சிதைக்கின்றார். படிக்கட்டில் தொங்குபவர் தம் உயிரோடு ஓட்டுநரின் மனஅமைதியையும் பணயம் வைக்கின்றார். அதே வேளையில், போதிய பேருந்து இல்லாத தடத்தில் கூடுதல் நடை வேண்டி முறையாக விண்ணப்பிப்பது குடிமக்களின் உரிமையாகும்.

ஒரு நகரப் போக்குவரத்தின் சிறப்பை அதன் நிறைந்த பேருந்துகளைக் கொண்டு மட்டும் அளத்தலாகாது. இரவில் கடைசிப் பயணி தன் ஊரில் இறங்கும்வரை பேருந்து செல்கிறதா என்பதே அதற்குச் சரியான அளவுகோல்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊருக்கு வரும் பேருந்துகளின் நேரங்களைத் தொகுத்து, கூடுதல் நடை தேவைப்படும் நேரத்தைக் காரணத்துடன் குறிப்பிட்டு, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு விண்ணப்பம் எழுதுக.