டவுன்ஹில் சைக்கிளுக்கு டயர் முதலில், சக்கரம் கடைசியில்

டவுன்ஹில் சைக்கிளுக்கு ஏற்றம் என்ற கவலை கிடையாது. ஆளையும் வண்டியையும் கோண்டோலாவோ நாற்காலி லிஃப்டோ உச்சிக்குக் கொண்டுபோய்விடும். இறங்குவது ஒன்றுதான் வேலை. ஆனால் அந்த இறக்கம் லேசுப்பட்டதல்ல. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில் 2002 தொடங்கி உலகக் கோப்பைப் பந்தயங்கள் பல நடந்த தடம், 2.8 கிலோமீட்டருக்குள் சுமார் 550 மீட்டர் இறங்குகிறது. மேலே கருங்கல் பாறையும் பெயர்ந்து கிடக்கும் கற்களும், நடுவே ஈரம் ஊறிய காட்டு வேர்கள், அடியில் நீண்ட தாவல்கள். முன்னணி வீரர்கள் ஐந்து நிமிடத்துக்குள் கீழே வந்துவிடுகிறார்கள். வாரக் கடைசியில் டிக்கெட் வாங்கி இறங்குகிறவருக்கு அதைவிட நேரம் ஆகும்; கற்கள் இருவருக்கும் ஒன்றே.

சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த சஸ்பென்ஷன் அசையத் தொடங்கும் முன்பே கல்லைத் தொட்டுவிடுவது டயர். ஆகவே சொந்தக் காசில் வண்டியைத் தேற்றுகிறவர் டயருக்கு முதலிலும், பிரேக்குக்கு அடுத்தும், சக்கரத்துக்குக் கடைசியிலும் செலவழிக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் சொல்லப்படும் வரிசை இதற்கு நேர் தலைகீழ். முதலில் கார்பன் ரிம் எடுத்துக் காட்டப்படும். அதற்குத் தோதாக லேசான டயர் மாட்டித் தரப்படும். தராசில் எடை குறைந்திருப்பதே சான்றாகிவிடும். கல் நிறைந்த தடத்தில் இறங்குகிறவருக்கு இந்த ஆலோசனையைப் போல நஷ்டம் வைப்பது வேறெதுவும் இல்லை.

டயர் வாங்கும்போது கண் போவது மேலே உள்ள பட்டன்கள் மீது. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் துணியை. ஒரே பெயர், ஒரே பட்டன் அமைப்பு, ஒரே அகலம் கொண்ட டயர் பல விதமான துணிக்கட்டில் விற்கப்படுகிறது. மேக்சிஸ் டயர்களில் எக்ஸோ என்றால் ஒற்றை அடுக்குத் துணி, பக்கச்சுவருக்கு மட்டும் தனிக் காப்பு. டபுள் டவுன் என்றால் இரண்டு அடுக்கு, மெல்லிய நெருக்கமான இழை. டிஎச் என்பதும் இரண்டு அடுக்குதான், ஆனால் இழை தடித்தது, பக்கச்சுவர் விறைப்பானது. எக்ஸோவுக்கும் டிஎச்சுக்கும் ஒரு டயருக்கு 250 முதல் 350 கிராம் வரை எடை வித்தியாசம் வரும். கடைக்காரர் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் எடை இவ்வளவுதான்.

அந்த மிச்சத்துக்கு என்ன விலை என்பது பின் சக்கரத்தில் தெரியும். இறக்கத்தில் முன் சக்கரத்தைக் கைகளால் கல்லைத் தாண்டித் தூக்கிவிட முடிகிறது. பின்னால் வரும் சக்கரம் அதே கல்லில் முழு வேகத்தோடு மோதுகிறது. மெல்லிய டயர் அடிவரை நசுங்கி, கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே துணி அகப்படுகிறது. டியூப் இருந்தால் இரட்டைத் துளை விழும். டியூப்லெஸ் என்றால் துணியே அறுபடும். உள்ளே ஊற்றிய சீலன்ட் முள் குத்திய துளையை அடைக்கும், இந்த வெட்டை அடைக்காது. பயந்துபோய் 35 பிஎஸ்ஐ வரை காற்றடித்தால் டயர் கல்லுக்குக் கல் எகிறிப் பிடிமானம் இழக்கிறது, ஈர வேரில் ஆளையே கவிழ்க்கிறது. காற்றைக் குறைத்தால் ரிம் அடிபடுகிறது. இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான ஓர் அழுத்தம் கல் தடத்தில் அந்த டயருக்குக் கிடையவே கிடையாது. முந்நூறு கிராமுக்கு ஆசைப்பட்டவர் டயருக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்கிறார், ரிம்முக்குத் தனியாகக் கொடுக்கிறார். அன்றைய லிஃப்ட் டிக்கெட்டும் போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறார். ஓட்டத் தெரியாததால்தான் பஞ்சர் ஆகிறது என்று அதே கடையில் சொல்லப்படுவது நியாயமே இல்லாத பேச்சு. உலகக் கோப்பையில் மிகத் திறமையானவர்களில் ஒருவரான ஏரன் குவின், 2014இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் பின் டயர் பஞ்சராகிக் கழன்றுவிட, வெறும் ரிம்மில் இறங்கி முடித்தார். டிஎச் டயரோடு பந்தயத்துக்கு வருகிறவர்களுக்கே டயர் போகிறது என்றால், அதைவிட மெல்லியதை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

டிஎச் துணிக்கட்டு மாட்டிய பிறகு அழுத்தம் எளிதான விஷயம். சுமார் 80 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 24, பின்னால் 28 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். ரிம் கல்லில் தட்டும் ஓசை கேட்டால் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். பம்பில் இருக்கும் முள்ளை நம்பக் கூடாது. சிறிய டிஜிட்டல் கேஜ் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். 30 வைத்தும் ரிம் தட்டினால் டயருக்குள் நுரை வளையம் போடலாம். தடத்தின் நடுவே அதைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு.

ரப்பரின் மென்மை அடுத்தது. மேக்ஸ்கிரிப் போன்ற மென்மையான கலவை ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டு செல்லும், சீக்கிரம் தேயும். முன்னால் அதுவே வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தடுக்க நேரம் இருக்காது. பின்னால் ஒரு படி கடினமான கலவை போதும். பட்டன் அமைப்பில், டவுன்ஹில் பந்தய வீரர் கிரெக் மின்னார் பங்கெடுத்து உருவான அசெகாய் முன்னாலும், பிரேக் பிடிக்கக் குறுக்கு விளிம்புகள் கொண்ட மினியன் டிஎச்ஆர் பின்னாலும் என்பது பெரும்பாலான தடங்களுக்குப் பொருந்தும். சேறு ஆழமாக இருந்தால் மட்டும் உயரமான, இடைவெளி விட்ட பட்டன்கள் கொண்ட ஷார்ட்டி வகை.

சக்கர அளவில் 26 அங்குலம் பழங்கதை. 2014 வாக்கில் 27.5 வந்தது, 2017இல் ஃபோர்ட் வில்லியத்தில் மின்னார் 29 அங்குலச் சக்கரத்தில் வென்றபின் அதைக் குறை சொன்னவர்களின் வாய் அடைந்தது. இரு சக்கரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற விதியை உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ 2019இல் தளர்த்தியதால் முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பு பரவியது. முன் சக்கரம் குழிகளைத் தாண்டி உருளும். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளும்போது சிறிய பின் சக்கரம் மேலே உரசாது. உயரம் குறைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ரிம் அலுமினியமாகவே இருக்கட்டும். உள் அகலம் 30 மில்லிமீட்டர், கம்பி 32, பித்தளை நிப்பிள். அடிபட்ட அலுமினியம் வளைகிறது. விளிம்பை இடுக்கியால் நிமிர்த்தி, பெண்டு எடுத்து, அந்தப் பருவம் முழுக்க ஓட்டலாம். கார்பன் வளையாது, விரிசல் விடும். ஆயுள் உத்தரவாதம் உண்டு என்பார்கள். மாற்று ரிம் வந்துசேரும் வரை வண்டி சுவரில் சாய்ந்திருக்கும். புதிய சக்கரத்தில் முதல் சில நாள் ஓட்டத்திலேயே கம்பிகள் தளரும். அப்போது இறுக்காவிட்டால் எந்த ரிம்மும் நிற்காது. பின் ஹப் 148 மில்லிமீட்டரா 157 மில்லிமீட்டரா என்பதைச் சட்டத்தில் அளந்து பார்த்துவிட்டே வாங்க வேண்டும். முன்னால் பழைய 20×110 ஹப்பும் பூஸ்ட் 20×110 ஹப்பும் எண்ணில் ஒன்று, டிஸ்க் நிற்கும் இடம் வேறு. மிதித்தவுடன் பற்றும் விலையுயர்ந்த ஹப் இங்கே தேவையில்லை. 2015இல் அதே லியோகாங்கில் குவின் தொடக்கத்திலேயே செயின் அறுந்தும் வென்றார். இறக்கத்தில் மிதிப்பதற்கு உள்ள பங்கு அவ்வளவுதான்.

பிரேக்கின் வேலையைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 550 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 485 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான ஆற்றல் அது. காற்றும் தடமும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் மீதி இரண்டு டிஸ்க் தட்டுகளில் சூடாக இறங்குகிறது. தட்டு பெரிதாகவும் தடிமனாகவும் இருந்தால் சூட்டைத் தாங்கும். முன்னும் பின்னும் 200 அல்லது 203 மில்லிமீட்டர், நான்கு பிஸ்டன் காலிப்பர் என்பது குறைந்தபட்சம். எடை கூடியவர், ஃபோர்க் அனுமதித்தால், முன்னால் 220 போடலாம். 200க்கும் 203க்கும் அடாப்டர் வேறு. ஒன்றுக்குரியதை மற்றதில் மாட்டினால் பேட் தட்டின் விளிம்பைச் சரியாகக் கவ்வாது.

ரெசின் பேட் சத்தமின்றிப் பிடிக்கும், ஈரத்திலும் மணலிலும் விரைவாகக் கரையும். நீண்ட இறக்கத்துக்கு உலோகப் பேட் தான் சரி. ஆனால் சில மலிவான தட்டுகளில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேட் போடக் கூடாது. தட்டு தேய்ந்து எந்த அளவில் மாற்ற வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பல தட்டுகளுக்கு அது 1.5 மில்லிமீட்டர்.

ஷிமானோ, மகுரா பிரேக்குகளில் மினரல் ஆயில். ஹோப், எஸ்ராம் கோட் ஆகியவற்றில் டாட் வகை ஆயில். ஒன்றை மற்றதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். டாட் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்: டாட் 5.1 புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 180 டிகிரி. கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகி, லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. வருடம் ஒரு முறை ஆயில் மாற்றி ஏர் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது தட்டை ஆற விடாது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட வேண்டும். செயினுக்கு ஸ்ப்ரே ஆயில் அடிக்கும்போது டிஸ்க்கை மூடாவிட்டால் அந்த பேட் போனதுதான்.

புதிய பேடையும் தட்டையும் நேராகத் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சமதளத்தில் மிதமான வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகம் வரை இருபது முறை போலப் பிடித்து விட்டால் பேட் தட்டில் படியும். லிவரை ஒரு விரலுக்கு எட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் முன் பிரேக் வலக்கையில். பிரான்ஸ், ஆஸ்திரியா போன்ற நாடுகளில் இடக்கையில். அங்கே வாடகைக்கு வண்டி எடுப்பவர், லிஃப்டில் ஏறும் முன்பே கடையில் ஹோஸை மாற்றிக் கட்டச் சொல்லிவிட வேண்டும்.