நமக்காக அரை மணி நேரம்
(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கலந்து பேச வேண்டிய பாடம்)



சேமிப்பு, கடன், வட்டி, தவணை என்று குழுவில் எல்லாம் பேசுகிறோம். "உனக்கு எதுல சந்தோஷம்?" என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை பறிக்கப் போகிறவர்களுக்கும், வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் பொழுது விடிந்தால் வேலைதான். "இந்த வயசுக்கு மேல நமக்கு என்ன விளையாட்டு?" என்று நாமே நம் ஆசையை அடக்கிக்கொள்கிறோம்.

புதுக்கோட்டைப் பெண்கள் செய்தது

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுதப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். வயல் கூலிகள், கல் உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பலரும் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ரோட்டில் கேலி பேசினார்கள்; பெண்கள் நிறுத்தவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். யாரையும் எதிர்பார்க்காமல் நாமே போய் வரலாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

நாமும் கற்கலாம்

பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

* இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்குங்கள்.
* முதல் சில நாள் பெடலை மிதிக்க வேண்டாம். காலால் தள்ளித் தள்ளிப் போய்ப் பழகுங்கள்.
* பிறகு பெடல் போடுங்கள். ஒருவர் பின்னால் சீட்டைப் பிடித்து வரட்டும்.
* சக்கரத்தைப் பார்க்காமல் நேரே பாருங்கள்.
* சேலையைத் தூக்கிச் செருகுங்கள். செயினில் மாட்டிவிடும்.
* வண்டி ஓடாத மைதானத்தில் பழகுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் வேறு பார்க்கலாம். பல்லாங்குழிக்கு 14 குழியும் ஒரு கை புளியங்கொட்டையும் போதும். ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கும்மி அடித்தால் மடக்கிய காலுக்கும் இதமாக இருக்கும்.

மறக்கக் கூடாதவை

இதற்காகக் குழுக்கடன் வாங்க வேண்டாம். "இதுல என்ன வருமானம்?" என்று வீட்டில் கேட்பார்கள். வருமானம் இல்லைதான். நாள் முழுக்க வீட்டுக்காக உழைக்கிற நமக்கு அரை மணி நேரம் சந்தோஷமாக இருக்க உரிமை இல்லையா? தனியாகப் போனால் ஊர் பேசும். பத்துப் பேராகப் போனால் பார்க்கிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

கலந்து பேசுவோம்

1. சின்ன வயதில் நமக்குப் பிடித்திருந்து, விட்டுப்போனது எது?
2. அரை மணி நேரம் ஒதுக்க, வீட்டில் எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம்?
3. நம் குழுவில் யாருக்கு என்ன தெரியும்? யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

பேசி முடிவெடுத்ததை, கடன் விவரம் எழுதுவது போலவே, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.