அந்தமான் கிளம்புறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

கோடை லீவு விட்டா நமக்கு ஊர்தான். தாதர்லயோ குர்லாலயோ ரயில் ஏறினா திருநெல்வேலி, கோயில் கொடை, ரெண்டு கல்யாணம், திரும்பி வந்தா ஸ்கூல் புத்தகத்துக்கு அட்டை போடுற வேலை. இப்போ மும்பையில தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ல இருந்து நம்ம ஜனங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு அந்தமானுக்கும் போக ஆரம்பிச்சிருக்காங்க. கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா இது சீட்டு எடுத்து, போனஸை ஒதுக்கி வெச்சுப் போற பயணம். அந்தக் காசு வண்டியிலயும் வரிசையிலயும் கரையாம, தண்ணியில கழியணும். அதுக்காகத்தான் இவ்வளவும் சொல்றேன்.

டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பிள்ளைங்களுக்கு மிதக்கக் கத்துக் கொடுங்க. நம்ம பிள்ளைங்க கடல் ஊர்ல பிறந்தும் நீச்சல் தெரியாத பிள்ளைங்க. ஜூஹுலயும் சௌபாத்தியிலயும் முழங்கால் வரைக்கும் நின்னுட்டு, பேல் பூரி சாப்பிட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான். செம்பூர்ல ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம் இருக்கு, தாதர் சிவாஜி பார்க்ல மகாத்மா காந்தி நீச்சல் குளம் இருக்கு. ரெண்டும் மாநகராட்சியோடது. பெரிய நீச்சல் வீரர் ஆக வேண்டாம். மல்லாக்கப் படுத்து, காது தண்ணிக்குள்ள இருக்க, பயப்படாம மூச்சு விடத் தெரிஞ்சா போதும். அது தெரிஞ்ச பிள்ளை அலை தள்ளினாலும் கத்திக் கை கால் உதறி மூச்சைத் தொலைக்காது. கிளம்புறதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருங்க.

எப்போ போறது? டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல காலம். கிறிஸ்துமஸ் லீவுல கூட்டமும் கட்டணமும் உச்சத்துல இருக்கும். தீபாவளி லீவு வங்கக் கடல்ல புயல் சின்னம் வர்ற நேரம், படகு நின்னு போகலாம். என்னைக் கேட்டா பரீட்சை முடிஞ்ச கையோட, ஏப்ரல் கடைசியில போங்க. வெயில் இருக்கும், ஆனா கடல் அமைதியா, தண்ணி தெளிவா இருக்கும். மே பாதிக்கு மேல தள்ளிப் போடாதீங்க. தென்மேற்குப் பருவமழை முதல்ல இறங்குறதே அந்தமான்லதான். மும்பைக்கு மழை வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே அங்க வந்துரும்.

சென்னை வரைக்கும் ரயில், அங்கிருந்து விமானம்னு வெச்சுக்கிட்டா செலவு கட்டுக்குள்ள நிக்கும். விமானம் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரயில் சென்னை சேர்ற அன்னிக்கே விமானம் போடாதீங்க. நடுவுல ஒரு ராத்திரி சொந்தக்காரங்க வீட்டுல தங்கிடுங்க. கப்பல் டிக்கெட் மலிவுன்னு யாராவது சொல்வாங்க. சென்னையில இருந்து ஏறக்குறைய மூணு நாள் கடல்லயே போகணும். சின்னப் பிள்ளைங்களோடும் மாமியாரோடும் அது வேண்டாம். அணுசக்தி நகர் பக்கம் மத்திய அரசு வேலையில இருக்கிறவங்க எல்டிசி (பயணச் சலுகை) விஷயத்தை ஆபீஸ்ல விசாரிங்க. சொந்த ஊர் எல்டிசியை அந்தமான் போக மாத்திக்கிற சலுகையை பல வருஷமா நீட்டிச்சுட்டு வர்றாங்க.

டிக்கெட்டுல புதுப் பேருங்க இருக்கும், குழம்பாதீங்க. போர்ட் பிளேர் 2024ல இருந்து ஸ்ரீ விஜய புரம். ஹேவ்லாக் 2018ல இருந்து ஸ்வராஜ் தீவு, நீல் தீவு அப்போ இருந்து ஷஹீத் தீவு. அங்க வாயால பேசுறப்போ எல்லாரும் பழைய பேரையே சொல்றாங்க. பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரிஜினல் ஆதார் கையில இருக்கட்டும், படகு ஏறவும் அதைக் கேப்பாங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஏஜென்ட் கொடுக்கிற பேக்கேஜ்ல ஒரு நாளைக்கு ஆறு 'பாயிண்ட்' எழுதியிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி வண்டி ஏறணும். பிள்ளைங்க உடம்புல உப்புத் தண்ணி காயறதுக்குள்ள அடுத்த இடம். அந்தத் தாளை ஓரமா வெச்சுருங்க. இறங்கின அன்னிக்கு போர்ட் பிளேர்ல தங்குங்க. மறுநாள் காலையில ஹேவ்லாக். அங்க மூணு ராத்திரி. அப்புறம் நீல்ல ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு. கடைசி ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேருக்குத் திரும்பியிருக்கணும். காத்து அடிச்சா படகை நிறுத்திருவாங்க, விமானம் உங்களுக்காக நிக்காது. பாரடாங் குகை, மண் எரிமலைன்னு ஒரு நாள் சேர்க்கச் சொல்வாங்க. விடியுறதுக்கு முன்னாடியே எழுந்து, ஜாரவா மக்களோட காட்டுக்கு நடுவுல வரிசையா வண்டியில போகணும். அவங்க வீட்டு வாசல் வழியா அவங்களை எட்டிப் பார்த்துட்டுப் போற மாதிரி இருக்கு அது. எனக்குச் சம்மதம் இல்லை. அந்த நாளைக் கடலுக்குக் கொடுங்க.

படகுல ஹேவ்லாக் போக, படகைப் பொறுத்து, ஒன்றரையில இருந்து ரெண்டரை மணி நேரம். மக்ரூஸ், நாட்டிகா மாதிரி தனியார் படகு இருக்கு, அரசுப் படகும் இருக்கு. காலைப் படகையே பிடிங்க, அப்போதான் கடல் பெரும்பாலும் அடங்கி இருக்கும். வெறும் வயித்துல ஏறக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ரெண்டு இட்லி, ஒரு மணி நேரம் முன்னாடி. வாந்தி மாத்திரையைப் படகு ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். பிள்ளைங்களுக்கு எது, எவ்வளவுன்னு நம்ம டாக்டர்கிட்ட இங்கயே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. நடு வரிசையில உட்கார வெச்சு, போனைக் கையில கொடுக்காம, தூரத்துல பார்க்கச் சொல்லுங்க.

அங்க பொழுது நம்ம பொழுது இல்லை. கடிகாரம் ஒண்ணுதான், ஆனா அந்தமான் மும்பைக்கு இருபது பாகை கிழக்க இருக்கு. பாகைக்கு நாலு நிமிஷம்னு கணக்குப் போட்டா எண்பது நிமிஷ வித்தியாசம். டிசம்பர்ல இங்க ஆறு மணிக்கு மேல மறையிற சூரியன், அங்க அஞ்சு மணிக்கே மறைஞ்சிரும். ஏப்ரல்ல காலையில அஞ்சு மணி தாண்டினதும் விடிஞ்சிரும். இது தெரியாம பத்து மணிக்கு எழுந்து, மதியச் சாப்பாட்டை மூணு மணிக்கு முடிச்சு, சாவகாசமா கடற்கரைக்குப் போனா இருட்டுதான் மிச்சம். ஆறு மணிக்கெல்லாம் தண்ணியில இருங்க. பத்து மணிக்கு ரூமுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டு, தூங்கிட்டு, மூணு மணிக்கு மறுபடி போங்க. பிள்ளைங்க தோலும் கருகாது.

ஹேவ்லாக்ல ராதாநகர் கடற்கரையை 2004ல டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்ததுன்னு எழுதிச்சு. 2020ல நீலக் கொடிச் சான்றிதழும் கிடைச்சுது. மணல் மெதுவாச் சரியும், உடை மாத்த இடம் இருக்கு, மேற்குப் பார்த்த கரைங்கிறதால சூரியன் தண்ணிக்குள்ள இறங்குறதைப் பார்க்கலாம். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு இதுதான் இடம். ஆனா கரையோட கடைசி முனைக்குப் போகாதீங்க. அந்தப் பக்கத்துலதான் 2010ல கடல்ல இருந்த ஒரு பயணியை முதலை கொன்னுச்சு. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்துல கால்கூட நனைக்கக் கூடாது, உள்ளூர்க்காரங்க எத்தனை பேர் இறங்கியிருந்தாலும் சரி. சிவப்புக் கொடி பறந்தாலும் இதே பேச்சுத்தான்.

பவளப்பாறை பார்க்க ஹேவ்லாக்லயே எலிபன்ட் பீச். ஸ்நார்க்கல் முகமூடி போட்டுப் பிள்ளைங்க முதல் தடவை தண்ணியில முகம் வெச்சா மூக்கால இழுத்துத் திணறும். வீட்டுல பக்கெட் தண்ணியில முகம் வெச்சு, வாயால மட்டும் மூச்சு விட்டுப் பழக்குங்க. முகமூடிக்குள்ள ஒரு முடி மாட்டினாலும் தண்ணி கசியும், பொண்ணுங்களுக்கு முன்னெத்தி முடியை இழுத்துப் பின்னிடுங்க.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டினதும் படகுக்காரங்க சொல்றதை நம்பி விட்டுராதீங்க. தோள் பட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. ஜாக்கெட் ஏறிப் பிள்ளையோட காது வரைக்கும் வந்தா அது பெரிசு. தண்ணியில ஜாக்கெட் மேல நிக்கும், பிள்ளை கீழ நழுவும். சின்ன சைஸ் கேளுங்க. இல்லைன்னா அந்தப் படகுல ஏறாதீங்க. வெக்கப்படாம சண்டை போட வேண்டிய இடம் இது.

ஸ்கூபா ஆசைப்பட்டா பயணத்தோட முன் பாதியிலயே முடிச்சிருங்க. முடிச்ச பிறகு ஒரு நாள் வரைக்கும் விமானம் ஏறக் கூடாது. ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருந்தா மறைக்காமச் சொல்லணும்.

நீல்ல பரத்பூர் கடற்கரை குளிக்க, லக்ஷ்மண்பூர் இயற்கைப் பாலம் பார்க்க. அந்தப் பாலத்துக்குக் கடல் வத்தின நேரத்துலதான் போக முடியும், ரூம்காரங்ககிட்ட நேரம் கேட்டுக்கங்க. பாறை வழுக்கும், பவளம் கிழிச்சா சீக்கிரம் ஆறாது. ரப்பர் ஷூ வேணும். சங்கு, பவளத் துண்டு எதையும் பைக்குள்ள போடாதீங்க. பவளம் எடுக்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல குத்தம், ஏர்போர்ட்ல பையைத் திறந்து எடுத்து வெச்சிருவாங்க.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். போர்ட் பிளேர்ல அபர்தீன் பஜார் பக்கம் தமிழ் பேசுற கடைக்காரங்க நிறைய, இட்லி தோசை தாராளமாக் கிடைக்கும். சின்னத் தீவுகள்ல பிள்ளைங்க முகம் சுளிச்சா சமாளிக்க, மாட்டுங்கா மார்க்கெட்ல பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும், தாராவி முறுக்கு ரெண்டு பாக்கெட்டும் போதும். ரொக்கம் கொஞ்சம் வெச்சுக்கங்க, சிக்னல் போனா ஜீபே வேலை செய்யாது. சாயங்காலம் மணல்ல உட்கார்ந்தா மணல் ஈ கடிக்கும், கால்ல தேங்காய் எண்ணெய் தடவிட்டு உட்காருங்க.

போர்ட் பிளேர்ல செல்லுலார் சிறை. 1906ல கட்டி முடிச்சது. ஏழு சிறகுல இப்போ மூணுதான் மிச்சம். மூடியிருக்கிற நாள் எதுன்னு முன்னாடியே விசாரிச்சு நாள் வையுங்க. முழங்கால் வலி இருக்கிறவங்க மாடி ஏற வேண்டாம், கீழ் முற்றத்துல நின்னாலே போதும். பிள்ளைங்களை ஒரு அறைக்குள்ள ஒரு நிமிஷம் நிக்க வைங்க. பாடப் புத்தகம் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லும்.

கடைசியா உங்களுக்கு. எந்தக் கடற்கரையில பார்த்தாலும் நம்ம பொம்பளைங்க பையும் செருப்பும் காவல் காத்துட்டு மணல்லயே உட்கார்ந்திருக்காங்க. புடவையும் காட்டன் சுடிதாரும் நனைஞ்சா கல்லா கனக்கும், காலைச் சுத்தும். தாதர் மார்க்கெட்ல நைலான் டைட்ஸும் முழுக்கை டீ ஷர்ட்டும் வாங்கிக்கங்க, உடம்பு மூடியும் இருக்கும், லேசாவும் இருக்கும். பையை அரை மணி நேரம் வீட்டுக்காரர் பார்த்துக்கட்டும். மாமியாரையும் கையைப் பிடிச்சு இடுப்பளவு கூட்டிட்டுப் போங்க. டைம் டேபிள் எழுதும்போதே அம்மா தண்ணியில இறங்குற நேரத்தையும் எழுதிடுங்க தங்கச்சிங்களா, எழுதலைன்னா அது நடக்காது.